ஏழாவது யோசனை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்குக் கீழே லேத் ஓடவில்லை. எட்டே முக்காலுக்கும் ஓடவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சந்துக்குள் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ‘நாங்கள்’ என்பது வாரக் கடைசியில் மட்டும் உண்மை. என் கணவருக்கு ஆனைமலையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிடுவார். நான் ஒரு நாளிதழின் இணைப்புப் பிரிவில் துணை ஆசிரியர். கீழ்த்தளத்தின் பின்பாதியில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. முன்பாதி அவருடைய பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு சாணைச் சக்கரம், இரண்டு ஆட்கள். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. எட்டரைக்கு மோட்டார் உறுமத் தொடங்கும். உளி இரும்பைத் தொட்டதும் அந்த உறுமல் மெலிந்து கீச்சிடும். மாலை ஆறுக்கு அடங்கும். குடிவந்த முதல் மாதம் எனக்குத் தலைவலி இருந்தது. இரண்டாவது மாதம் தலைவலியும் இல்லை, சத்தமும் இல்லை. காது அதை விட்டுவிட்டது. ஆகவே அந்தத் திங்கட்கிழமை எனக்குக் கேட்டது சத்தம் நின்றது அல்ல. சுவரில் கடிகாரம் ஓடுவது. அந்த வீட்டில் அது ஓடும் ஒலியை நான் அதுவரை கேட்டதில்லை.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலுக்கு வெளியே நின்று, மெல்லிய குரலில் பேசினார்.

“ஏனுங்க அம்மணி, தொந்தரவு பண்றேன்னு நெனைச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“பாப்பாவுக்குப் பரீட்சை வருதுங்க. முடியற வரைக்கும் பட்டறைய நிறுத்திப்போட்டேனுங்க.”

“மார்ச் மாசம் வரைக்குமா?”

“ஆமாங்க. ஆளுக ரெண்டு பேரையும் எங்க பங்காளி பட்டறைக்கு அனுப்பியாச்சு. அவுங்களுக்குக் கொறையில்லீங்க.” என் காலடியைப் பார்த்தார். நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. நடக்கறப்ப மட்டும் சித்த மெதுவா. அப்பறம் அந்த மிக்சி…”

“காலையில அவ டியூசன்ல இருக்கறப்ப ஓட்டிக்கறேன்.”

“ரொம்பப் புண்ணியமுங்க. வாரேனுங்க.”

வந்ததைப் போலவே ஒலியில்லாமல் இறங்கிப் போனார்.

பாப்பா என்று அவர் சொன்ன பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது. முந்தைய வருடமே பிளஸ் டூ எழுதி, நல்ல மார்க்கில் பாஸ் செய்திருந்தாள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு அந்த மார்க் போதவில்லை. இரண்டுக்கும் குறைவான மார்க்கில் இடம் கைநழுவியது. அந்தக் காலத்தில் பாஸ் செய்தவர்களும் மறு வருடம் அதே பரீட்சையை மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். இம்ப்ரூவ்மெண்ட் என்பார்கள். இம்ப்ரூவ்மெண்ட் எழுதும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, கல்லூரியும் கிடையாது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ சேர்ந்திருப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது “என்ன பண்றே கண்ணு?” என்று கேட்டால் சொல்வதற்கு அந்த ஒரு சொல் மட்டும் உண்டு. இவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை ஆர்.எஸ்.புரத்தில் டியூசன். அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். இரண்டு மணி நேரமும் எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவார். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவள் வீட்டில் இருந்தாள்.

பிப்ரவரி பிறந்தபோது அந்த வீட்டில் ஒலி எழுப்பக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடக்கியிருந்தார்கள். கேபிள் டிவி வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலமாரி மேல் வைத்திருந்தார்கள். டிவிமேல் கட்டம்போட்ட போர்வை. அழைப்பு மணியின் பொத்தான்மேல் பிளாஸ்திரி. குக்கர் விசில் கூடாதென்று அம்மா சோற்றைப் பானையில் வடித்தார். எட்டாவது படிக்கும் தம்பியைப் பொள்ளாச்சியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார ஏற்பாடு செய்திருந்தார்கள். பால்காரர் சந்து முனையிலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து சொந்தக்காரர், உறம்பரை என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்தி, “உள்ள பாப்பா படிக்குது, பொட்டாட்ட வாங்க” என்று வீட்டுக்காரர் உதட்டில் விரல் வைத்துச் சொல்வார். வந்தவர்கள் பேசாமல் காபி குடித்துவிட்டுப் பேசாமல் போவார்கள்.

அவருக்குத்தான் செய்ய ஒன்றுமில்லை. முப்பது வருடமாக எட்டரைக்கு வேலை தொடங்கிய மனிதர். இப்போதும் எட்டரைக்குப் பட்டறையைத் திறப்பார். லேத் துரு ஏறாமலிருக்க எண்ணெய்த் துணியால் துடைப்பார். பிறகு அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், பக்கங்களைச் சத்தமில்லாமல் திருப்பி. மகளின் மேஜையை அவர்கள் நடு அறையின் ஜன்னலோரம் மாற்றிப்போட்டிருந்தார்கள். அந்த ஜன்னல் பட்டறையைப் பார்த்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் நிற்கிற லேத்தும் உட்கார்ந்திருக்கிற அப்பாவும் தெரிவார்கள்.

மாடியில் நானும் வெறுங்காலில் நடந்தேன். பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் துணி விரித்துப் பரப்பினேன். தும்மல் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடினேன். என் வாடகை வீட்டில் நான் விருந்தாளியைப் போலிருந்தேன். இதை யாரிடமும் குறையாகச் சொல்ல முடியவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை ஒன்பதரைக்கு, நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு மேலே வந்தாள். பழைய பேப்பர் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, சட்னி அரைக்கலீங்களா?”

“அரைச்சா கீழ கேக்குமே.”

“அதுக்குத்தாங்க்கா. ஒரே ஒரு தடவை ஓட்டுங்களேன்.”

“விளையாடறியா?”

“இல்லீங்க்கா. காலி ஜார் போதும். அம்மா கேட்டா நீங்க மறந்துபோயி போட்டுட்டீங்கன்னு சொல்லிக்கறேன்.”

மிக்சியைப் போட்டேன். காலி ஜார் பெருங்குரலில் அலறியது. அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து, புத்தகத்தைப் பிரித்து, உதடு அசைய ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். மோட்டார் சூடாகி வாடை வந்ததும் நிறுத்தினேன். அவளும் படிப்பை நிறுத்தினாள்.

“பாதிப் பக்கம் போச்சுங்க்கா,” என்றாள். “இந்த வாரத்துக்கே இதுதான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“சின்னதுலேருந்து லேத்துச் சத்தத்துலதாங்க்கா படிச்சேன். இப்ப நான் எச்சி முழுங்கறது எனக்கே கேக்குது. பக்கம் திருப்புனா அம்மா அடுப்படிலேருந்து எட்டிப் பாக்கறாங்க. ரொம்ப நேரம் திருப்பலீன்னாலும் எட்டிப் பாக்கறாங்க. அதனால அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா திருப்பிர்றேன். படிக்கறனோ இல்லியோ.”

“அப்பாகிட்டச் சொல்லலாமே.”

“சொன்னனே. ‘நீ எனக்காகப் பாக்காத கண்ணு, பட்டறை கெடக்குது போ’ன்னுட்டாரு. நான் அவருக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்றேன்னு நெனைக்கறாருங்க்கா. இன்னொரு தடவை சொன்னா அழுதுபோடுவாரு.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“பரீட்சை அன்னைக்கு அப்பா ஸ்கூல் கேட்டுகிட்ட எறக்கி வுட்டுட்டுப் போவாருங்க்கா. அவர் போனதும் நான் திரும்பி வந்து ஏதாச்சும் பஸ்ல ஏறிருவேன்.”

“எந்த பஸ்ல?”

“எது வருதோ அதுல.”

ஏற்கெனவே முடிவான ஒன்றைத் தெரிவிப்பதைப் போலச் சொன்னாள். எந்த பஸ் என்று நான் கேட்டது தொழில் பழக்கம். அதை நினைத்து இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலை வாடகை கொடுக்கும் சாக்கில் கீழே போனேன். மகள் சொன்னதை அப்படியே சொல்லாமல், பட்டறையை ஓட்டச் சொல்லிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். வீட்டுக்காரர் ரசீது எழுத உள்ளே போனார். தினசரிக் காலண்டரின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் பேப்பரிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை மைதாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். எங்கள் பேப்பர். எங்கள் மாணவர் பக்கம். ‘தேர்வை வெல்லப் பெற்றோருக்குப் பத்து யோசனைகள்’. கீழே, ‘நமது மருத்துவ ஆலோசகர்’.

ஏழாவது யோசனைக்கு அடியில் வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தார்.

‘பிள்ளைக்காகப் பெற்றோர் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தது பிள்ளையின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.’

நான் ரசீதை வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மாடிக்கு வந்துவிட்டேன்.

அதை எழுதியது நான். எங்கள் பேப்பருக்கு மருத்துவ ஆலோசகர் என்று யாரும் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஒரு மதியம், வரவேண்டிய விளம்பரம் வராமல் மாணவர் பக்கத்தில் நான்கு பத்தி காலியாக நின்றது. எனக்கு மேலிருந்த உதவி ஆசிரியர் என் மேஜைக்கு வந்து, “பரீட்சை யோசனை ஏதாவது எழுதிக் கொடுங்க, நாப்பது நிமிஷம் இருக்கு” என்றார். நான் எழுதத் தொடங்கும் முன்பே அவர் தலைப்பை கம்போசிங்குக்கு அனுப்பிவிட்டார். தலைப்பில் பத்து என்று இருந்தது. ஆறு யோசனைகள் எளிதாக வந்தன: தூக்கம், கீரை, பால், கண்ணுக்கு ஓய்வு, அதிகாலை, அமைதி. ஆறோடு என் சரக்கு தீர்ந்தது. ஏழாவதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எழுதினேன். எட்டு, ஒன்பது, பத்து என்ன என்பது அட்டையில் பார்க்கும்வரை எனக்கே நினைவில்லை. அடியில் யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டதற்கு உதவி ஆசிரியர், “டாக்டர் மாதிரி ஏதாவது போடுங்க, அப்பத்தான் படிப்பாங்க” என்றார். நான் போட்டேன். பக்கம் நேரத்துக்குப் போனது. அன்று நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இந்த நான்கு நாளும் அந்தப் பெண் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, கணவரை மாடியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போனேன். வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“அந்த அட்டையில இருக்கறது நான் எழுதினதுங்க.”

“அப்படீங்களா. ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி.”

“நல்லா இல்லீங்க. யோசிக்காம எழுதினது. இடம் காலியா இருந்துச்சு, எழுதினேன்.”

“டாக்டருன்னு போட்டிருக்குதுங்களே.”

“டாக்டர் யாரும் இல்லீங்க. நான்தான்.”

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

“பாப்பாவுக்குப் பட்டறை ஓடுனாத்தாங்க படிப்பு வருது. அவளே சொன்னா. நீங்க ஓட்டுங்க. அந்த யோசனை தப்புங்க.”

“பேப்பர்ல வந்ததுங்க அம்மணி,” என்றார் வெகு பணிவாக. “பேப்பர்ல வந்ததைப் பேப்பர்லதானுங்க மாத்தோணும். நீங்க வந்து வாயில சொன்னா நான் எப்படிங்க எடுத்துக்கறது?” பிறகு உள்பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், “அம்மணிக்குக் காப்பி கொண்டா” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. காபியைக் குடித்தேன். தம்ளரைத் திண்டின்மேல் வைக்கும்போது ஒலி வந்துவிடுமோ என்று இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை உதவி ஆசிரியரிடம் போனேன். ஏழாவது யோசனைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“யாராவது ஆட்சேபம் தெரிவிச்சு லெட்டர் போட்டாங்களா?”

“இல்லை.”

“வக்கீல் நோட்டீஸ்?”

“இல்லை சார்.”

“அப்பறம் எதுக்குத் திருத்தம்?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நம்ம பேச்சைக் கேட்டு ஒருத்தர் லேத்தை நிறுத்தியிருக்காரா? நம்ம தலையங்கத்தைப் படிச்சு இதுவரைக்கும் ஒரு தெருவிளக்குகூட எரிஞ்சதில்லையே!” அவர் சந்தோஷப்பட்டதாகவே தெரிந்தது. பிறகு சொன்னார்: “டிசம்பர்ல விட்டுக்கொடுங்கன்னு போட்டுட்டு இந்த மாசம் வேண்டாம்னு போட்டா நம்மளை எவன் மதிப்பான்? திருத்தம் முடியாது. கேள்வி பதிலாப் போடுங்க. வாசகர் கேக்கறாரு, ஆலோசகர் சொல்றாரு. அதுல என்ன வேணா சொல்லலாம்.”

அப்படித்தான் நான் இரண்டாவது முறையும் டாக்டரானேன். கேள்வியையும் நானே எழுதினேன், பதிலையும் நானே எழுதினேன்.

‘எங்கள் வீட்டோடு சேர்ந்தாற்போல் பட்டறை இருக்கிறது. மகனின் தேர்வுக்காக அதை நிறுத்திவைத்திருக்கிறேன். இது சரியா? — ஒரு தந்தை, பீளமேடு.’

‘சரியல்ல. பிறந்ததிலிருந்து பழகிய சத்தம் பிள்ளைக்குச் சத்தமே அல்ல. அது நின்றால்தான் பிள்ளை கவனிக்கும். ஏன் நின்றது என்று நினைக்கும். பட்டறை வழக்கம்போல் ஓடட்டும். வீட்டில் எல்லாரும் தத்தம் வேலையைப் பார்க்கட்டும்.’

மகள் என்றிருந்ததை மகன் என்றும், கணபதி என்றிருந்ததைப் பீளமேடு என்றும் மாற்றினேன். பொய்யை இவ்வளவு கவனமாக நான் அதற்கு முன் எழுதியதில்லை. வியாழக்கிழமை வெளிவந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எட்டரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. எட்டு நாற்பதுக்கு மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. அப்புறம் உளி இரும்பைத் தொட்டது. ஆட்கள் பங்காளி பட்டறையில் இருந்ததால் அவரே தனியாகக் கடைந்தார். கீழே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அதற்காக யாரும் யாரையும் அதட்டவில்லை.

அவள் மேலே வரவில்லை. மூன்று நாள் கழித்துப் படியில் எதிர்ப்பட்டபோது, “பீளமேட்டுக்காரருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிருங்க்கா” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. எது வருதோ அந்த பஸ் மனதில் அப்படியே நின்றது. பரீட்சை தொடங்கிய நாள் மதியம் ஒன்றரை மணிக்கு ஆபீசிலிருந்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். நான் எதுவும் கேட்கும் முன்பே, “வந்துட்டா கண்ணு, சாப்பிடறா” என்றார். அவரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகு ஒருநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவளிடம் கேட்டேன், ஹாலுக்குள் அமைதியாக இருந்திருக்குமே, அப்போது என்ன செய்தாய் என்று.

“அமைதியாத்தாங்க்கா இருந்துச்சு. ஆனா அது எனக்காக இல்லீல்ல. எல்லாருக்கும் பொதுதானே,” என்றாள்.

மார்க் வந்தது. போன வருடத்தைவிடக் கூடியிருந்தது. நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்த வருடம் எல்லாருக்குமே கூடியிருந்ததால் இடம் முன்பைவிடத் தள்ளிப் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாய்மாமன் வந்தார். அவர் மகன் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். வாசலில் நாற்காலி போட்டுப் பேசினார்கள். மாடிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“இன்னொருக்கா எழுதட்டும் மாப்ள. நாமக்கல் பக்கம் கொண்டுபோய்த் தங்க வெச்சுப் படிக்க வைப்போம். அங்க எந்திரிக்கறது, தூங்கறது, எல்லாம் மணி அடிச்சுத்தான். ஒரு வருசம் பல்லைக் கடிச்சுட்டா ஆயுசுக்கும் டாக்டர்.”

“அவகிட்ட ஒரு வார்த்தை…” என்றார் வீட்டுக்காரர்.

“கொழந்தைகிட்டக் கேட்டா பண்ணுவாங்க? பக்கத்துல வந்துட்டு வுடறதா? பட்டறையவே நிறுத்தி வெச்சவரு நீங்க! ஊரே பேசுச்சு. இப்ப வேண்டாம்னா என்னன்னு நெனைப்பாங்க?”

அந்தப் பெண் உள்ளே எந்த அறையில் இருந்தாள் என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் கேட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் எனக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. ‘மருத்துவ ஆலோசகர், மாணவர் பக்கம்’ என்று முகவரி. வாடகை ரசீதுகளில் பார்த்துப் பழகிய கையெழுத்து.

‘ஐயா, தாங்கள் முன்பு பீளமேட்டுக்காரருக்கு எழுதிய பதில் உபயோகமாக இருந்தது. என் மகள் இரண்டு தடவை எழுதிவிட்டாள். உறவினர் மூன்றாம் தடவை எழுதச் சொல்கிறார்கள். எழுத வைக்கலாமா, வேண்டாமா? தயவுசெய்து பேப்பரிலேயே பதில் போடவும். சீக்கிரம் தேவை. — ஒரு தந்தை.’

அதை மேஜையில் விரித்து வைத்தேன். வேண்டாம் என்று எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் நாற்பது நிமிடத்தில் எழுதிய மூன்று வரி ஒரு வீட்டை என்ன செய்தது என்று பார்த்துவிட்டவளுக்கு ஒரு சொல்லும் எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது. அவர் காத்திருக்கிறார், நாமக்கல்லும் காத்திருக்கிறது. அந்த டாக்டரை நான்தான் உண்டாக்கினேன். இப்போது அவரைவிட்டு வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை.

சாயங்காலம் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவளை மேலே வரச் சொல்லி, கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

“அப்பா எழுத்துதான்,” என்றாள்.

“என்ன பதில் போடறது?”

“என்னையவா கேக்கறீங்க்கா?”

“வேற யாரைக் கேக்கறது?”

ஆபீசிலிருந்து கொண்டுவந்த நியூஸ்பிரிண்ட் தாளையும் பேனாவையும் மேஜைமேல் வைத்துவிட்டு, நான் வெளியே போய் மொட்டைமாடியில் நின்றேன். பட்டறையில் வேலை முடியும் நேரம். லேத் நின்று, ஷட்டரை இறக்கினார்கள். திரும்பி வந்தபோது எட்டு வரி எழுதியிருந்தாள். நிறைய அடித்தல்.

‘தங்கள் மகள் இரண்டு வருடம் படித்தது வீணாகாது. அது எந்தப் படிப்புக்கும் உதவும். மூன்றாம் முறை எழுதினால் மார்க் கூடலாம், குறையலாம். ஆனால் அவருக்குப் பத்தொன்பது வயது ஆகிவிடும். அதுவரை அவர் எங்கேயும் போயிருக்க மாட்டார். அவருக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பிடிக்கலாம். கேட்டுப் பாருங்கள். டாக்டர் ஆகாததற்காக அவர் தங்கள்மேல் வருத்தப்படவில்லை. தாங்களும் வருத்தப்பட வேண்டாம்.’

இணைப்புப் பிரிவில் என் வேலையே பிறர் எழுதியதைச் செப்பனிடுவதுதான். இதில் நான் கை வைக்கவில்லை. உதவி ஆசிரியர் படித்துவிட்டு, “ஆலோசகர் இந்தத் தடவை உருப்படியா எழுதியிருக்காரு” என்றார். வியாழக்கிழமை வந்தது.

அன்று மாலை தாய்மாமன் மறுபடி வந்தார். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து, பதில் தெரியும்படி அவர் கையில் கொடுத்தார். அவர் படித்தார். திருப்பிப் பார்த்து, மேலே எந்தப் பேப்பர் என்றும் பார்த்துக்கொண்டார். “டாக்டரே வேண்டாங்கறாரு. அப்பறம் நாம என்ன சொல்றது?” என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார்.

“அம்மணி, நீங்கதான் எழுதுனதுன்னு அன்னைக்குப் பட்டறையில சொன்னீங்களே, அப்பவே நம்புனனுங்க.”

“அப்பவே ஓட்டியிருக்கலாமே,” என்றேன்.

“எப்படிங்க ஓட்டறது? நிறுத்துனது ஊருக்கே தெரியும். நானா ஓட்டுனா, புள்ளமேல அக்கறை வுட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்க. பாப்பாவும் அப்படி நெனைச்சுக்கிட்டா என்ன பண்றதுங்க? பேப்பர்ல வந்துச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. எனக்கும் காட்டறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா?”

கையிலிருந்த பேப்பரை ஒருமுறை விரித்துப் பார்த்தார். “இது உங்க எழுத்து மாதிரி இல்லீங்களே,” என்றார்.

பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அந்த பி.எஸ்சி.க்கு அப்ளிகேசன் எப்ப வரைக்குங்க குடுப்பாங்க?”

“வெள்ளிக்கிழமை கடைசி. நாளைக்கு.”

“நாளைக்குங்களா!” என்றார். சத்தமாகவே சொன்னார். படிகளில் திமுதிமுவென்று இறங்கிக்கொண்டே மகளைக் கூப்பிட்டு, அவளுடைய மார்க் சீட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.